சத்தம் போடாத சமையலறை

ஆகஸ்ட் 4

அக்கா,

அக்கான்னு எழுதவே கை வர மாட்டேங்குது. பேனா பிடிச்சே எத்தனை வருஷமாச்சு! ஜெயிலுக்குள்ள உனக்கு போன் கிடையாதாம், மெசேஜ் கிடையாதாம், லெட்டர் மட்டும்தானாம். இதுல அழிக்கற பட்டனும் இல்ல. அதனால அடிச்சு அடிச்சு எழுதியிருக்கேன், கண்டுக்காத.

நேரா கேக்கறேன். ஏன் பண்ணே?

நான் நெருப்பண்ணனோட சமையல் நேரலை பார்த்துட்டு இருந்தேன். அவரோட ரசிகர் பட்டாளம், நெருப்புப் படை மொத்தமும் பார்த்துட்டு இருந்துச்சு. நெருப்பண்ணன் "இதோ வந்துடறேன் செல்லங்களா"ன்னு சொல்லிட்டு கேமராவை விட்டு அந்தப் பக்கம் போனாரு. உதவி ஆள் வெங்காயம் நறுக்கிட்டு இருந்தான், பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் அந்த அலறல். ஓடி வந்து மேஜை மேல விழுந்தாரு. கழுத்துத் தோல் சட்டைக் காலரோட ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வருது அக்கா. நான் கண்ணை மூடல. பின்னாடி ஒரு ஆள். தொப்பி, முகமூடி, கையில எண்ணெய்ச் சட்டி.

நான்தான் முதல் ஆளா டைப் பண்ணேன். "அந்த நாயை விடாதீங்க, அங்கயே போட்டு மிதிங்க." லைக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அப்புறம் யாரோ அந்த முகமூடியைப் பிடிச்சு இழுத்தாங்க.

நீ.

அவர் யாருன்னு உனக்குத் தெரியாதா? நம்ம தெருவுல பொறந்தவர். நம்மள மாதிரியே மூட்டையோட வந்து இறங்கின குடும்பம். மீன் மார்க்கெட்டுல சும்மா தூக்கிப் போடற மீன்தலையில நம்ம அம்மா வைக்கிற சாறு இருக்கே, அதே சாறைக் குட்டிக் கிண்ணத்துல ஊத்தி, கோட்டு போட்டவனெல்லாம் மாசக்கணக்கா காத்திருந்து குடிக்க வச்சவர். ஸ்கூல்ல நான் டிபன் பாக்ஸ் திறந்தா மூக்கைப் பொத்திட்டு வேற பெஞ்சுக்குப் போனவனுங்க, இப்ப "உங்க வீட்டுல அது வைப்பாங்களாடா?"ன்னு பின்னாடியே வர்றானுங்க. யாரால? நீ வேலை செஞ்ச அந்த மனுஷனால. "எங்க அக்கா அவர் கிச்சன்ல பொரிக்கிற இடத்துல இருக்கா"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

என்னை மாதிரி ஒண்ணுமில்லாத பயலோட பேச்சையும் அவர் கேட்டாரு. "அண்ணே, பின்னாடி கிச்சன்ல எந்நேரமும் கத்தறாங்க, உங்க குரலே கேக்க மாட்டேங்குது"ன்னு நான் எழுதினதுக்கு அடுத்த நேரலையிலயே பதில் சொன்னாரு. "நம்ம படைத் தம்பி ஒருத்தன் சொல்லியிருக்கான். இனிமே என் கிச்சன்ல என் குரல், எண்ணெய் பொரியற சத்தம், அவ்வளவுதான்." அன்னிக்கு வீட்டுக்குள்ள நான் குதிச்ச குதி உனக்கு மறந்திருக்காது. நீ எழுந்து கை கழுவப் போயிட்டே. பொறாமைன்னு நினைச்சேன்.

அம்மா கடையைத் திறக்கல. சட்டியைக் கவுத்து வச்சுட்டு உக்காந்திருக்காங்க.

நான் உன்னைப் பார்க்க வர மாட்டேன்.

உன் தம்பி (இப்போதைக்கு)

*

ஆகஸ்ட் 13

அன்புள்ள எருமைக்கு,

பேனாவைப் பிடித்தால் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ்தான் வருகிறது. சிரிக்காதே. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தை இங்கே ஒரு காவலர் அம்மா படிப்பார்கள். அவர்களுக்கும் வணக்கம்.

நீ பார்க்க வராவிட்டால் பரவாயில்லை. எப்படியும் வர முடியாது. உன் படை இங்கேயும் இருக்கிறது. என் பக்கத்து அறைக்காரி, நெருப்பு என்று மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கிறாள். சாப்பாட்டு வரிசையில் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீதானே அவ?" என்றாள். தட்டின் விளிம்பு என் வாயில் இறங்கியது. மேலுதடு இரண்டாகக் கிழிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, அவள் தலையைச் சுவரில் மோதினேன். அதனால் எனக்குப் பார்வையாளர் கிடையாது, அவளுக்கும் கிடையாது. நீ தட்டச்சு செய்தது மூன்றாம் பேர் வழியாக என் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. லைக் போட்டுக்கொள்.

நான் ஊற்றவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்.

இப்போது நீ பெருமையாக எழுதியிருக்கிற "கத்தல்" விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சமையலறையில் எத்தனையோ தேசத்து ஆட்கள். ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குப் புரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லோருக்கும் இரண்டே இரண்டு சொல் கற்றுக்கொடுப்போம். சூடானதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முதுகுக்குப் பின்னால் போகிறவர் "பின்னால!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. உடம்பை அடுப்போடு ஒட்டிக்கொண்டு "போ!" என்று பதில் கத்த வேண்டும். "போ" வராமல் அடி எடுத்து வைக்கக் கூடாது. சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருப்பவர்கள்கூட இதைக் கத்தாமல் இருக்க மாட்டார்கள். அங்கே கத்தாமல் பின்னால் வருவது, கத்தியோடு வருவதற்குச் சமம்.

அதைத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள்.

தடை வந்த பிறகு தோளைத் தட்டச் சொன்னார்கள். இரண்டு கையிலும் கொதிக்கிற சட்டி, தோளை எதால் தட்டுவது, தலையாலா? நாக்கால் "ட்சு" என்று சத்தம் எழுப்பிப் பார்த்தோம், பல்லி மாதிரி. அதுவும் மைக்கில் விழுகிறது என்று ரொட்டி போடுகிறவன் காதில் அறைந்தான் உன் நெருப்பண்ணன். அவனுக்கு அந்தக் காது இப்போது கேட்பதில்லை. சூப்புக்காரனுக்குத் தொடை வெந்தது. பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு முதுகில் ஒரு கோடு. யார் மேலும் யாருக்கும் கோபமில்லை. முதுகில் கண் இல்லாததுதான் எங்கள் குற்றம்.

இன்னொன்று. நீ ஒரு கிளிப் போட்டாயே, உனக்கு ரொம்பப் பேர் வாங்கிக் கொடுத்தது. யாரோ ஒருவரின் கை மீனைக் கருக்கிவிடுகிறது. உன் நெருப்பண்ணன் எண்ணெயிலிருந்து கரண்டியை எடுத்து அந்தக் கையில் வைத்து அழுத்துகிறான். நீ அதை மெதுவாக ஓடவிட்டு, முரசு அடிக்கிற பாட்டுப் போட்டு, மேலே "தப்பு பண்ணா தீர்ப்பு" என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கை என்னுடையது.

அம்மாவிடம் ஓவன் கதவு பட்டுவிட்டது என்று சொல்லி மருந்து போட்டுக்கொண்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கே காட்டினாய்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்கா,

கிளிப்பைத் தூக்கிட்டேன். ஆனா என்ன பிரயோஜனம், ஊர்ல பாதிப் பேர் எடுத்து வச்சிருக்காங்க.

தூக்கறதுக்கு முன்னாடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழ உனக்கொரு மச்சம் இருக்குமே, அது அப்படியே இருக்கு. அதுக்கு மேலதான் நான் "தீர்ப்பு"ங்கற எழுத்தைக் கொண்டு வந்து வச்சிருக்கேன். நான்தான் வச்சேன். எழுத்து நடுவுல வரணும்னு இழுத்து இழுத்து வச்சேன். பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். அம்மா மீன் ஒத்துக்கலையாடான்னு கேட்டாங்க.

ஏன்க்கா சொல்லல? அவன் உன்னை அடிக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவனை "அவன்"னு எழுதறதுக்கே ஒரு மாதிரி இருக்கு. சுவர் முழுக்க அவன் போஸ்டர். ஒண்ணு கிழிச்சேன், மிச்சத்துக்கு தைரியம் வரல. அத்தனை வருஷம்க்கா. திட்டாத.

நீ என் அக்கான்னு படையில கண்டுபிடிச்சிட்டாங்க. அட்மின்லேருந்து தூக்கிட்டாங்க. வீட்டு அட்ரஸை எவனோ பொதுவுல போட்டுட்டான். நேத்து கடை ஷட்டர்ல சாணி.

எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டான், அதனால நீ கத்தல, அவன் திரும்பினான், எண்ணெய் கொட்டிடுச்சு. விபத்து. அப்படித்தானே?

"ஆமா"ன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. போதும்.

தம்பி

*

ஆகஸ்ட் 30

தம்பி,

நீ கேட்ட ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். என்ன பெயர் வேண்டுமோ நீயே வைத்துக்கொள்.

அன்றைக்கு அவன் சாறு ஊற்றுகிற கிண்ணத்தில் ஒன்று, விளிம்பு உடைந்து கேமரா முன்னால் போய்விட்டது. நேரலையில் யாரோ எழுதினார்களாம், "அண்ணே, கிண்ணம் உடஞ்சிருக்கு, உங்க தெரு ஞாபகமா?" என்று. எதை வேண்டுமானாலும் அவன் பொறுத்துக்கொள்வான். தெருவைச் சொன்னால் மட்டும் அவன் பொறுக்க மாட்டான். உங்களிடம் சிரித்துவிட்டு எங்கள் பக்கம் வந்தான்.

பாத்திரம் கழுவுகிற பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தான். பக்கத்தில் ரொட்டி வாட்டுகிற இரும்புத் தகடு காய்ந்துகொண்டிருந்தது. அவள் உள்ளங்கையை அதில் வைத்தான். தன் கையை மேலே வைத்து அழுத்தினான். இடித்துத் தள்ளவில்லை, ஆத்திரத்தில் கத்தவில்லை. முத்திரை குத்துகிற மாதிரி நிதானமாக அழுத்தினான்.

அவள் கத்தவில்லையடா.

நேரலை ஓடுகிறது, சத்தம் போடக் கூடாது. இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் அவளிடம் கிடையாது, வேலை போனால் ஊரை விட்டே போக வேண்டும். ஏப்ரனின் ஓரத்தை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. ரொட்டிக்காரன் பார்த்தான், சூப்புக்காரன் பார்த்தான். எவனும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சதை வேகிற சத்தத்துக்கும் மீன் வேகிற சத்தத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பொரித்த எண்ணெயை வடிகட்டுவதற்காகச் சட்டியோடு வந்துகொண்டிருந்தேன். அவன் முதுகு என் வழியில் இருந்தது. "பின்னால" தொண்டை வரைக்கும் வந்தது. அது யோசித்து வருகிற சொல் இல்லை, தும்மல் மாதிரி தானாக வரும். கத்தியிருந்தால் அவன் கட்டாயம் நகர்ந்திருப்பான். முதலாளி ஆனாலும் அவனும் அடுப்படியில் வளர்ந்தவன், அந்தச் சொல்லுக்கு அவன் உடம்பு தானாக ஒதுங்கும்.

நான் அதை விழுங்கினேன். நடந்தேன்.

தடைக்குப் பயந்து விழுங்கவில்லை. வேண்டுமென்றே விழுங்கினேன். ஊற்றவில்லை, தள்ளவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. நிற்கவும் இல்லை. அவன் பின்வாங்கினான். அவன் முழங்கை சட்டியில் இடித்தது. எண்ணெய் எகிறி, குனிந்திருந்த அவன் கழுத்தில் விழுந்தது. என் கையிலும் கொட்டியது, பழைய தழும்புக்கு மேலேயே.

இதை விபத்து என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல்லிக்கொள். நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவை என் அறையில் படுக்கச் சொல். அங்கே ஜன்னலில் கம்பி இருக்கிறது.

அக்கா

*

செப்டம்பர் 9

அக்கா! அக்கா! அக்கா!

கேளு. கிளிப் பண்றதுக்காக அவன் ஆபீஸ்லேருந்து முழுப் பதிவையும் எனக்கு அனுப்புவாங்க, பாட்டு எல்லாம் சேர்க்கறதுக்கு முன்னாடி இருக்கறதை. அந்த நாளோடதும் வந்திருந்துச்சு. என்னைத் தூக்கினாங்களே தவிர, அனுப்பினதைத் திரும்ப எடுக்க மறந்துட்டாங்க. நான் திறக்கவே இல்ல, பயம். உன் லெட்டர் வந்ததும் திறந்தேன்.

அவன் காலர்ல மைக் இருந்துச்சுக்கா! கழட்டாம வந்துட்டான்! உங்களுக்கு மேல அந்தப் பாட்டு ஓடினதால நேரலையில எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா இதுல பாட்டு இல்ல. கிச்சன்ல எவனும் கத்தல, பேசல, மயான அமைதி. அதனால எல்லாமே கேக்குது. தெள்ளத் தெளிவா கேக்குது. முன்ன மாதிரி நீங்க எல்லாரும் கத்திட்டு இருந்திருந்தா ஒரு மண்ணும் கேட்டிருக்காது.

"சத்தம் வந்துச்சுன்னா இன்னொரு கையும் வைப்பேன்"னு சொல்றான். எங்களை "செல்லங்களா"ன்னு கூப்பிடற அதே குரல்ல சொல்றான். அப்புறம் அந்த சுர்ருனு ஒரு சத்தம். நான் ஹெட்போனைக் கழட்டி எறிஞ்சுட்டேன். மறுபடி எடுத்துப் போட்டேன். உன் செருப்புச் சத்தம்கூட வருதுக்கா. நீ சொன்னது சரிதான். நிக்கல நீ.

இலவச வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். போட்டுக் காட்டினேன். அவங்க சொல்றாங்க, "தம்பி, கத்தக் கூடாதுன்னு அவரே நேரலையில அறிவிச்சது ஒண்ணு போதும். விபத்துன்னு உங்க அக்கா சொல்லட்டும், நான் வெளிய கொண்டு வந்துடறேன். இந்தப் பதிவைக் கொடுத்தா தகடு, அந்தப் பொண்ணு எல்லாம் உள்ள வரும். அப்ப உங்க அக்கா கோபத்துல பண்ணாங்கன்னு ஆயிடும்"னு.

எனக்கு அதுதான் சரின்னு படுது. விபத்துன்னு சொல்லுக்கா. வீட்டுக்கு வா. அந்தப் பதிவை நான் பார்த்துக்கறேன், நெட்டுல போட்டு அவன் முகமூடியைக் கிழிக்கறேன். நீ வெளிய, அவன் நாறிப் போவான். டபுள் தமாக்கா.

என்ன சொல்றே? சரின்னு சொல்லு!

தம்பி

*

செப்டம்பர் 16

தம்பி,

நெட்டில் போடாதே. போடாதே. போடாதே. போட்டால் உன் படை நியாயம் பேசிவிட்டு எழுந்து போகிற கூட்டம் என்றா நினைக்கிறாய்? அம்மா கடைக் கண்ணாடியை முதலில் கழற்றி உள்ளே வை.

பதிவை முழுசாக வக்கீலம்மா கையில் கொடு. வெட்டாமல், ஒட்டாமல், என் செருப்புச் சத்தத்தோடு கொடு.

விபத்து என்று நான் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், நீதான் இத்தனை நாள் அந்த ஆட்டம் ஆடினாய். கட்டுப் போட்ட கழுத்தோடு கேமரா முன்னால் வருவான். என்னை மன்னித்துவிட்டதாக அழுவான். எவனாவது அதற்கு ஒரு பாட்டுப் போடுவான். சாறு குடிக்க இன்னும் நீளமாக வரிசை நிற்கும். அவன் கடை மேல்மாடியில் உட்கார்ந்து சாறு குடிக்கிற பணக்காரர்களுக்கு அவன் கோபமும் ஒரு ருசி. நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் வேகவைப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் வருகிறார்கள்.

அவள் கை மட்டும் எந்தக் கதையிலும் இருக்காது.

ஆனால் அவளைத் தேடிப் போகாதே. சாட்சி சொல் என்று கெஞ்சாதே. வந்தால் அவளுக்கு ஆபத்து. வர வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் ஒழிய நாம் கூப்பிடக் கூடாது. நான் எனக்காகத்தான் விழுங்கினேன். அவளிடம் அதற்குக் கூலி கேட்க முடியாது.

இங்கே என்னைச் சமையலறையில் போட்டிருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரியையும் அங்கேயே போட்டிருக்கிறார்கள். யார் இந்த யோசனையைச் சொன்னார்களோ, அவர்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

அக்கா

*

செப்டம்பர் 25

அக்கா,

எழுத்து கோணலா இருக்கும். இடது கை.

உன் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்.

காலையில போட்டேன். மத்தியானத்துக்குள்ள பொய்ப் பதிவு, ஏமாத்து வேலைன்னு ஆரம்பிச்சிட்டாங்க. சாயங்காலம் கடைக்கு வந்துட்டாங்க. அம்மா அன்னிக்குத்தான் மறுபடி கடை திறந்து சாறு வச்சிருந்தாங்க. தெருக்காரங்க நாலஞ்சு பேரு குடிச்சிட்டு இருந்தாங்க.

முதல்ல கண்ணாடி. நீ சொன்ன அதே கண்ணாடி. அப்புறம் உள்ள புகுந்து பெஞ்சு, தட்டு, கையில கிடைச்சதெல்லாம் போட்டு உடைச்சானுங்க. கொதிக்கற பானையை ஒருத்தன் காலால உதைச்சான். சாறு தரையெல்லாம் ஓடி அம்மா பாதத்துல ஏறிடுச்சு. அம்மா கத்தல. அகப்பையை எடுத்து அவன் மூக்குல ஒண்ணு போட்டாங்க பாரு, மூக்கு திரும்பிடுச்சு. சத்தியமா சொல்றேன். ரத்தம் ஒழுக ஒழுக "நான் உங்க பையன் மாதிரிம்மா"ங்கறான். "அதான் அடிக்கறேன்"னு இன்னொண்ணு போட்டாங்க.

என்னை வெளிய இழுத்துப் போட்டானுங்க. ஒருத்தன் மட்டும் என் கையைப் பிடிச்சு நடைபாதை ஓரத்துல வச்சு பூட்ஸால மிதிச்சான். "நல்லா எடிட் பண்ற கையாச்சே"ன்னு சொல்லிச் சொல்லி மிதிச்சான். குரலை வச்சுக் கண்டுபிடிச்சேன். படையில எனக்கு ரொம்ப நெருக்கமானவன்க்கா. தினமும் விடிய விடிய பேசியிருக்கோம். நேர்ல அன்னிக்குத்தான் முதல் தடவை பார்க்கறேன். என்னை விடக் குள்ளம். விரல் உடையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவனுக்கும் கேட்டுச்சு போல, டக்குனு நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்த்தான். அப்புறம் மறுபடி மிதிச்சான்.

பதிவு வக்கீலம்மாகிட்ட பத்திரமா இருக்கு. முழுசா இருக்கு. செருப்புச் சத்தத்தோட.

இன்னொண்ணு. அடுத்த நாள் அம்மா காலுல கட்டோட உக்காந்திருந்தாங்க, நான் ஒத்தைக் கையால கண்ணாடி பொறுக்கிட்டு இருந்தேன். ஒரு பொண்ணு வந்து பேசாம துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பிச்சிருச்சு. வலது கையில துணி சுத்தியிருந்துச்சு. நாங்க யாரும் கூப்பிடல. அம்மா எதுவும் கேக்கல. பக்கத்து வீட்டு அடுப்புல சாறு வச்சு ஊத்திக் கொடுத்தாங்க. அது இடது கையால குடிச்சுது. எதிர்ல உக்காந்து நானும் இடது கையால குடிச்சேன். ரெண்டு பேரும் சட்டை மேலயே ஊத்திக்கிட்டோம். அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துண்டு கொடுத்தாங்க.

போகும்போது அது ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அந்த ரெக்கார்டுல, என் சத்தம் ஏதாவது கேக்குதா?"

இல்லன்னு சொன்னேன்.

தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு.

தம்பி

*

அக்டோபர் 3

தம்பி,

அம்மா பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவாதே, வெந்த புண்ணில் எண்ணெய் வைக்கக் கூடாது. ஈரத்துணி போடு. தினமும் மாற்று.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன், அதைப் படித்தால் நீ அழுவாய், அதையும் கிழித்துவிட்டேன். மிச்சம் இதுதான்.

உன்னை மிதித்தவன் யாரென்று போலீசில் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். தெரியும்.

பக்கத்து அறைக்காரிக்கும் எனக்கும் ஒரே அடுப்படி. அவள் கையில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கிறது. இங்கே யாரும் கத்துவது கிடையாது, பழக்கமில்லை. "பின்னால, போ" இரண்டையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் "எனக்கு நீ பாடம் எடுக்கறியா?" என்று என் காலடியில் துப்பினாள். என் முதுகு முழு நாளும் விழித்துக்கொண்டிருக்கிறது.

விசாரணைக்கு வா. முன்வரிசையில் உட்காராதே. அம்மாவை நடக்க விடாதே.

அக்கா

*

அக்டோபர் 22

அக்கா,

நீ கூண்டுல இருந்தே, உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்காது. வெளிய நடந்ததை நான் சொல்றேன்.

கோர்ட்டு வராண்டா முழுக்கப் படை. எள்ளு போட இடமில்ல. அவன் கழுத்துல வெள்ளைக் கட்டோட வந்தான். பூ எறிஞ்சாங்க. எனக்கு எச்சில். அம்மாவை நானும் ரொட்டிக்காரரும் நாற்காலியோட தூக்கிட்டு வந்தோம். பாவம், அவருக்குக் கேக்காத காது பக்கம் நின்னு அம்மா திட்டிக்கிட்டே வந்தாங்க.

உள்ள ஜட்ஜு உன்னைக் கேட்டாரு இல்ல, "கத்தியிருந்தா அவர் நகர்ந்திருப்பாரா?"ன்னு. ஒரு பொய்க்கா. ஒரே ஒரு சின்னப் பொய். தெரியலன்னு சொல்லியிருக்கலாம். "நகர்ந்திருப்பார்"ங்கறே. "அப்புறம் ஏன் கத்தல?"ன்னா, "அவளுக்கு இல்லாத சத்தம் அவருக்கு மட்டும் எதுக்குங்க?"ங்கறே. வக்கீலம்மா நெத்தியில கையை வச்சுக்கிட்டாங்க. நானும்தான். ஆனா பின்னாடி உக்காந்திருந்த சூப்புக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தான். "யார் அந்த 'அவள்'? கையே இல்லாத ஒரு கதை இது"ன்னு நக்கலடிச்சான். பதிவுல இருக்கறது ரொட்டி வேகற சத்தமாம்.

அந்த நேரம்தான் வந்துச்சு அந்தப் பொண்ணு. வெளிய, வராண்டாவுக்கு. உன்கூட வேலை செஞ்ச பாதிக் கிச்சன் கூடவே வந்திருந்துச்சு. ஆனா வழியை மறிச்சு நின்னுட்டானுங்க. ஒருத்தன் அதோட முடியைப் பிடிச்சு இழுத்தான். இன்னொருத்தன் சூப்புக்காரர் மச்சான் வயித்துல முட்டியால ஒண்ணு விட்டான். போலீஸ் தூரத்துல வேடிக்கை பார்த்துட்டு நிக்குது. நான் கதவுகிட்ட இருந்தேன். என்னால எழுந்து போக முடியலக்கா, என் கையை மிதிச்சவனும் அங்க நிக்கறான்.

அப்பதான் அது கத்துச்சு.

"பின்னால!"

அது ஒரு பொண்ணோட குரல் மாதிரியே இல்ல. இத்தனை மாசமா உள்ள போட்டு அமுக்கி வச்சிருந்த எல்லாமே வெளிய வந்த மாதிரி இருந்துச்சு. மொத்தக் கிச்சனும் சேர்ந்து "பின்னால! பின்னால!"ன்னு கத்திட்டே நேரா நடந்தாங்க, கையில கொதிக்கற சட்டி இருக்கற மாதிரி முழங்கையை மடக்கிக்கிட்டு. படைக்காரனுங்களுக்கு அந்த வார்த்தையை எதுக்குக் கத்தறாங்கன்னே தெரியாது. ஆனாலும் தன்னால சுவத்தோட ஒட்டிக்கிட்டானுங்க!

உள்ள, அந்தச் சத்தம் கேட்டதும் ஒருத்தன் நாற்காலியிலேருந்து எழுந்து மேஜையோட ஒட்டிக்கிட்டு நின்னான். பார்த்தியா யாருன்னு? அவன்தான். உடம்பு மறக்கல. ஜட்ஜு அதைப் பார்த்தாரு. எல்லாரும் பார்த்தாங்க.

அப்புறம் அது நேரா உள்ள வந்து, ஜட்ஜு முன்னாடி கட்டைப் பிரிச்சு கையைக் காட்டுச்சு. ரொட்டித் தகட்டோட கோடு அப்படியே கையில பதிஞ்சிருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் உக்காந்துட்டான்.

அந்தக் கைக்காக அவன் மேலயும் கேஸ் போட்டாங்க; சாயங்காலம் அவனைப் போலீஸ் வேன்ல ஏத்தும்போது பூ எறிஞ்சவங்கள்ல கொஞ்சம் பேரு காணோம். கொஞ்சம் பேரு இன்னும் எறிஞ்சுட்டுதான் இருந்தாங்க. அந்தப் பொண்ணை ஊரை விட்டு அனுப்பக் கூடாதுன்னு வக்கீலம்மா வேற ஒரு மனு போட்டிருக்காங்க. அது இப்ப நம்ம வீட்டுலதான், உன் அறையில படுக்குது. கோவிச்சுக்காத.

உனக்குக் குளிர்காலம் முடியற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு. பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு நீ வீட்டுல இருந்திருப்பே. அம்மாகிட்ட சொல்லி அழுதேன். "அவ அப்படித்தான்டா, சின்ன வயசுலயும் முழுங்க மாட்டா, துப்பவும் மாட்டா"ங்கறாங்க.

அந்தக் கூச்சல்ல ஒண்ணு மட்டும் தெரியாம போச்சு. அது வெளிய கத்தினப்ப கூண்டுப் பக்கத்துலேருந்து ஒரு பதில் வந்துச்சு. நீயா?

தம்பி

*

நவம்பர் 2

டேய்,

பள்ளிக்கூடத் தமிழ் போதும். நான்தான். வேற யாரு? "போ!"ன்னு கத்தினேன், பக்கத்துல நின்ன போலீஸ்காரம்மா லத்தியால விலாவுல ஒரு குத்து விட்டாங்க. இன்னும் வலிக்குது. நல்லா இருக்கு.

அந்தப் பொண்ணுக்கு என் போர்வையைக் கொடு. பழைய போஸ்டரை எல்லாம் கிழிச்சுட்டியா? கிழிக்கலன்னா வந்து நான் கிழிக்கறேன், உன்னையும் சேர்த்து.

இன்னிக்குக் காலையில நடந்ததைச் சொல்லிட்டு முடிக்கறேன். அவன் வேன்ல ஏறினது இங்க டிவியில வந்துச்சு. பக்கத்து அறைக்காரி அதைப் பார்த்ததுலேருந்து யார்கிட்டயும் பேசல. மணிக்கட்டுப் பச்சையை நகத்தால சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கி வச்சிருக்கா. காலையில நான் அடுப்புகிட்ட குனிஞ்சு மாவு கிளறிட்டு இருந்தேன். அடுப்படியில வேற யாரும் இல்ல. பின்னாடி சூடு தெரிஞ்சுது. கழுத்துல ஆவி பட்டுச்சு. கொதிக்கற கஞ்சிப் பானையோட எனக்குப் பின்னாடி வந்து நிக்கறா.

நிக்கறா. நகரல. ஒண்ணும் சொல்லல.

நான் திரும்பல. திரும்பக் கூடாது, அதுதான் முறை. அவன் முதுகை அன்னிக்கு நான் பார்த்த மாதிரி இப்ப இவ என் முதுகைப் பார்த்துட்டு நிக்கறா. கிளறறதை நிறுத்திட்டேன். அவ மூச்சு விடற சத்தம் காதுல கேக்குது. அவ தொண்டைக்குள்ள அந்த வார்த்தை மேலயும் கீழயும் போறது எனக்குத் தெரியுதுடா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

மாவு அடிப்பிடிக்க ஆரம்பிச்சுது. நான் அசையல.

ரொம்ப மெதுவா, எச்சிலைத் துப்பற மாதிரி சொன்னா.

"பின்னால."

அடுப்போட ஒட்டிக்கிட்டேன்.

"போ"ன்னேன்.

அக்கா